கண்ணாடியில் நடந்த பேச்சு

தொண்ணூறுகளில், பனி கொட்டிய ஒரு பின்னேரம். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறியிருந்த அஜின்கோர்ட்டில் நானும் கணவரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பக்கத்தில் வயதான சீனப் பெண்மணி ஒருவர் கையுறைகூட இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். ஆங்கிலத்தில் விசாரித்தால் கையை விரித்தார். வழி தவறிவிட்டார் என்று மட்டும் புரிந்தது.

"முன்னுக்கு இருக்கிற சைனீஸ் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவம். அவையின்ர ஆள்தானே," என்றேன்.

"ஓம், ஒரே பாஷைதானே. கதைச்சு விளங்கிக்கொள்ளுவினம்," என்றார் கணவர்.

கடைக்காரர் ஏதோ கேட்டார். அந்த அம்மா ஏதோ சொன்னார். இருவரும் விழித்தார்கள்.

"நான் ஹாங்காங். எங்கள் பேச்சு வேறு, இவர் பேசுவது எனக்குப் புரியவில்லை," என்று கடைக்காரர் எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் திகைத்துப்போனேன். இனி என்ன செய்வது?

அப்போது அந்த அம்மா, ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதத் தொடங்கினார். கடைக்காரர் அதை வாசித்துவிட்டுக் கீழே ஒரு கேள்வி எழுதினார். அந்த அம்மா பதில் எழுதினார். பேச்சு வேறானாலும் எழுத்து இருவருக்கும் பொதுவாம். வாய்ப்பேச்சில் ஒரு சொல்கூடப் புரியாத இருவர் கண்ணாடி நிறையப் பேசிக்கொண்டார்கள். மகள் வேலை செய்யும் பேக்கரியின் பெயர் வந்ததும் கடைக்காரர் சிரித்தபடி தொலைபேசியை எடுத்தார்.

சற்று நேரத்தில் மகள் ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள்.

"என்னப்பா இது!" என்றார் கணவர்.

சீனர் எல்லாரும் ஒரே மாதிரி என்று எவ்வளவு சுலபமாக நினைத்திருந்தேன்! எழுத்துகள் நீராய் வழிந்து மறையும்வரை அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.