இறக்கை வெட்டாத சேவல்

எங்கள் கடையில் கூட வேலை செய்யும் ஒருவர் போன வாரம் தன் கைப்பேசிக்குச் சேவல் கூவும் சத்தத்தை வைத்துவிட்டார். தேக்கா சந்தையில் காலை வியாபாரம் சூடுபிடிக்காத நேரம். நான் முட்டைக்கோஸின் மேல் இலைகளை உரித்துக்கொண்டிருந்தேன். தராசுப் பக்கத்தில் திடீரென்று சேவல் கூவியது. என் கை என்னைக் கேட்காமலேயே கீழே கிடந்த ஈரச் சாக்கை எடுத்து அந்தக் கைப்பேசியின் மேல் போட்டு அமுக்கியது.

"என்னண்ணே, ஃபோனை மூச்சடைச்சுக் கொன்னுட்டீங்களே" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்கு ஏன் கைக்கு வந்தது என்று அவர்களிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் பேச எனக்கு வராது. எழுதும்போது எதிரில் நீங்கள் ஒருவர்தான் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம், அதனால் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நாங்கள் செம்பவாங்கில் ஹமீது பாய் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். வரிசை வீடுகளில் கடைசி வீடு. பக்கத்தில் வடிகால், பின்னால் தகர வேலி போட்ட கொல்லை. பாய் கப்பல் பழுது பார்க்கும் டாக்யார்டில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து, அந்த அம்மா வளர்த்த கோழிகள் மட்டும் மிச்சம். பாய்க்குக் கோழி வளர்க்கத் தெரியாது. பிரியாணி டப்பாவில் மிச்சமிருப்பதைக் கொல்லையில் கொட்டுவார், கோழிகள் அவரைத் திட்டுவது மாதிரி கொக்கரிக்கும்.

என் மனைவி செல்வி பட்டுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகிக் கடல் தாண்டி இங்கே வந்த புதிதில் அவளுக்குப் பேச ஆளில்லை. நானோ வீட்டிலும் அதிகம் பேசாதவன். கோழிகளைப் பார்த்ததும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. நாளெல்லாம் அவற்றோடு வம்பு பேசுவாள். "இவரு மாதிரியே முழிக்கிறியே" என்று ஒரு பெட்டையிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நான் கடையிலிருந்து கோஸ் இலை, கீரைத் தண்டு, நசுங்கிய தக்காளி எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு ரயிலில் வருவேன். வெயிலில் வாடிய கோஸ் வாசனை உங்களுக்குத் தெரியும். என் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே இருக்கும். கூச்சக்காரனுக்கு அது ஒரு வசதி.

கோழியை வளர்ப்பது பெரிய வேலையில்லை. ஓரிடத்தில் இருக்க வைப்பதுதான் வேலை. தகரத்துக்குக் கீழே மண்ணைப் பறித்துப் போகும், செங்கல் வைத்தால் செங்கல் மேல் ஏறிப் போகும். அதனால் ஒரு பக்க இறக்கையில் மட்டும் நீள இறகுகளைக் கத்தரித்துவிடுவோம். நகம் வெட்டுவது மாதிரிதான், வலிக்காது. பறக்கப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். செல்வி பிடித்துக்கொள்வாள், நான் வெட்டுவேன்.

இருந்த ஒரே சேவலுக்கு மட்டும் வெட்டவில்லை. அதைச் சொல்ல, முதலில் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

செல்விக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை தங்கியதும் அவள் யாரிடமும் சொல்லாமல் செங்கருப்பு நிறத்தில் இருந்த சேவலைப் பிடித்து, அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிழக்கே பார்த்து நின்றாள். பிறகுதான் என்னிடம் சொன்னாள். "முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். புள்ள நல்லபடியா பொறந்தா சேவல் விடுறேன்னு."

நான் கத்தரிக்கோலோடு போனபோது தடுத்துவிட்டாள். "நேர்ந்துவிட்டதோட இறக்கையில கத்திரி வைக்கக் கூடாதுங்க."

அந்த நேரத்தில்தான் பறவைக் காய்ச்சல் பேச்சு எழுந்தது. கோழி வைத்திருப்பவர்கள் மேலேயும் வலை கட்ட வேண்டும் என்றார்கள். பாய் கடற்கரைப் பக்கம் தெரிந்தவரிடம் பழைய மீன்வலை வாங்கி வந்தார். கொல்லை முழுக்க விரித்துக் கட்டினோம். கூரை மாதிரி தெரிந்தாலும் அங்கங்கே கிழிசல். இறக்கை வெட்டிய கோழிகளுக்குக் கிழிசல் எட்டாது. அந்தச் சேவலுக்கு எட்டியது. ஒரு நாள் வடிகாலைத் தாண்டிப் பறந்து, எதிரே புதிதாக வந்திருந்த காண்டோ அடுக்குமாடியில் யாரோ ஒருவரின் கார் மேல் நின்று, ஊருக்கே கேட்கக் கூவியது.

நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். மேல்மாடிகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்ததை என் பிடரியில் உணர்ந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

புகார் போய்விட்டது. கால்நடை இலாகாவிலிருந்து வந்தவள் தமிழ்ப் பெண், இளையவள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கையுறை. பேச்சில் கண்டிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"அண்ணா, கோழிங்க இருக்கலாம். வலைய மட்டும் ப்ராப்பரா தச்சிடுங்க. ஆனா சேவல் வேணாம். கம்ப்ளைண்ட் மேல கம்ப்ளைண்ட். இப்ப டைமும் சரியில்ல, ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்காங்க. ஃப்ரைடே வரேன். அதுக்குள்ள நீங்களே எங்கயாவது குடுத்துட்டா நல்லது."

"எங்க குடுக்கிறது லா?" என்றார் பாய், இந்த ஊர்ப் பேச்சு வழக்கில். "ஊரே கோழியப் பார்த்து ஓடுது."

அவர் சொன்னது உண்மைதான். தெரிந்த பண்ணையில் கேட்டார், வெளிக்கோழி உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கோயிலுக்குப் போய், அலுவலக வாசலில் வெகுநேரம் நின்று, ஒருவழியாகக் கேட்டேன். உயிருள்ள பறவை எதையும் வாங்க முடியாது என்றார்கள், தன்மையாகத்தான். திரும்பி வந்தபோது பாய் சமையலறையில் நின்று, "பேசாம நானே அறுத்து ஒரு ஆணம் வச்சிடவா?" என்றார். செல்வி அவரைப் பார்த்தாள். பாய் உடனே தலையைக் குனிந்துகொண்டார். "சும்மா சொன்னேம்மா. வாய்க்கொழுப்பு."

செல்விக்கு அப்போது மாதம் ஏறியிருந்தது. கால் வீங்கி, இரத்த அழுத்தம் கூடி, அலையக் கூடாது, மனதில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தபடியே காதைக் கொல்லைப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். சேவல் கூவினால், கூவிவிட்டதே என்று பதறுவாள். கூவாவிட்டால், செத்துவிட்டதோ என்று பதறுவாள்.

சேவல் கூவ வேண்டுமானால் கழுத்தை நீட்டி நிமிர வேண்டும். நிமிர இடமில்லாவிட்டால் சத்தம் பாதியில் நின்றுவிடும். காய்கறி வந்த மரப்பெட்டியை உயரம் குறைத்து ஆணி அடித்து, அதற்குள் சேவலை விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டேன். விடியும் நேரம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வேன். உள்ளே அது நிமிரப் பார்க்கும், தலை இடிக்கும், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல ஒரு சத்தம் வரும். நான் சாக்கை அமுக்குவேன். சாமிக்கு விட்டதை இப்படி அமுக்குகிறோமே என்று கையைத் தளர்த்துவேன். அமுக்காவிட்டால் எதிரே ஜன்னல் திறக்கும். அறைக்குள்ளிருந்து செல்வி, "என்னங்க, என்னாச்சு?" என்பாள். "ஒண்ணுமில்ல, படு" என்பேன். இப்படியே வெள்ளிக்கிழமை வந்தது.

அந்தப் பெண் கூண்டோடு வந்தாள். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பெட்டியைக் குளியலறையில் வைத்து, அதன் மேல் துவைக்கிற துணியையெல்லாம் குவித்திருந்தேன்.

"சேவல் என்னாச்சு அண்ணா?"

"கோழிதான் இருக்கு" என்றேன். ஒரு பொய்யை அதற்கு மேல் நீட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவள் கொல்லையைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள், தலையாட்டினாள். திரும்பப் போகிற நேரத்தில் குளியலறைக்குள்ளிருந்து அந்தப் பாதிக் கூவல் கேட்டது. அவள் நின்றாள். நானும் நின்றேன்.

அறைக் கதவு திறந்தது. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நேரே குளியலறைக்குள் போனாள். துணிகளைத் தள்ளும் சத்தம், பலகையைத் தூக்கும் சத்தம். சேவலை வயிற்றோடு அணைத்தபடி வெளியே வந்தாள். பெட்டிக்குள் இருந்து இருந்து அதன் கொண்டை ஒரு பக்கம் மடிந்திருந்தது. நின்றபடியே அதை விரலால் நிமிர்த்திவிட்டாள்.

"நான் சேவல் விடுறேன்னுதான் சொன்னேன்" என்றாள் என்னிடம். "எங்க விடுறேன்னு சொல்லல. யார் கையில விடுறேன்னும் சொல்லல."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "தங்கச்சி, இது முருகனுக்கு நேர்ந்தது. இந்தப் புள்ளைக்காக. உன் கையிலதான் விடணும்னு இருக்கு, வாங்கிக்க."

அந்தப் பெண் கூண்டைத் திறக்கவில்லை. கையுறைகளைக் கழற்றி இடுப்புப் பைக்குள் வைத்தாள், பூட்ஸையும் கழற்றினாள். வெறுங்காலோடு நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நான் எங்க கொண்டுபோவேன்னு கேக்காதீங்கக்கா" என்றாள்.

"கேக்கல."

சேவல் கூண்டுக்குள் போனதும் முதல் வேலையாகக் கழுத்தை நீட்டி முழுசாக ஒரு கூவல் கூவியது. நான் ஜன்னல்களைப் பார்த்தேன். செல்வி பார்க்கவில்லை.

அன்று பகலெல்லாம் அவள் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போனது. பிள்ளை பிறந்தபின் விடவேண்டியதை முன்னாலேயே விட்டாயிற்று. அது கணக்கில் சேருமா, சேராதா? கோயிலில் கேட்டிருக்கலாம். அந்த வாசலில் இன்னொரு முறை நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாயிடம் கேட்டேன். "உன் சாமியப் பத்தி என்கிட்ட கேக்கிறியே தம்பி" என்றவர், பிறகு யோசித்து, "முன்னாடி குடுத்தவங்கள யாரும் திருப்பி அனுப்பமாட்டாங்க லா" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாட்களை ஓட்டினேன். நாள் குறைவாகத்தான் பிறந்தாள் என் மகள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் வெளியே நின்று அந்தப் பெட்டியின் மூடி எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் கையை நீட்டினாள். இடமிருந்தது.

சேவல் இல்லாத கோழிகள் முட்டையிடும், அடைகாத்தாலும் குஞ்சு வராது. செல்விக்கு அன்றே அது தெரிந்திருக்கும், சொல்லவில்லை. பெட்டைகளுக்கு ஒவ்வொன்றாக வயதானது. ஒன்று நோயில், ஒன்று மழையில், ஒன்று சும்மா ஓரமாக உட்கார்ந்தபடி. மகள் உட்காரப் பழகியபோது இரண்டு இருந்தன. இப்போது பாயும் இல்லை. அவர் பிள்ளைகள் வீட்டை விற்று, அந்த இடத்தில் யாரோ மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள். நாங்கள் ஈசூனில் அடுக்குமாடிக்கு வந்து வருடங்கள் ஆகின்றன.

கோழி கிளறும் மண்ணில் புல் நிற்காது. நாங்கள் அங்கே இருந்தபோதே, கடைசிக் கோழியும் செத்துப்போன மழைக்காலத்தில் அந்தக் கொல்லை முழுக்கப் புல் ஏறிவிட்டது. பாய் வலையை அவிழ்த்துச் சுருட்டினார். செல்வி மகளை அங்கே இறக்கி விட்டாள். அவள் தத்தித் தத்தி வேலிவரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். அவள் காலுக்கு வழிவிட்டு விலக அந்தக் கொல்லையில் ஒரு கோழிகூட இல்லை.