ரோஸ் பாத்தியில் சாயப்பொடி

இன்னைக்கு மத்தியானம் புத்தளம் உப்பளம் வழியா பைக்ல வந்தேன். ஒரு பாத்தித் தண்ணி நல்ல ரோஸ் கலர்ல கிடந்துச்சு.

அங்க கல்யாணம் ஆகப்போற ஒரு ஜோடி போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. கேமராக்காரன், "கலர் பத்தாது"ன்னு பையில இருந்து சாயப்பொடி பாக்கெட்டை எடுத்துப் பாத்தியில கொட்டுனான். கையோட கொண்டு வந்திருக்கான்!

அளத்துல வேலை பாக்குற அக்கா ஓடி வந்தாங்க. "ஏலே, என்ன காரியம் செய்யுத? நாங்க உப்பு வாருத பாத்தியில்லா!"

"ஏற்கனவே கெமிக்கல் கலந்த தண்ணிதானக்கா? இல்லன்னா எப்படி ரோஸா இருக்கும்?"

"கெமிக்கலா? தண்ணி வத்தி உப்பு கூடும்போ, அதுல மட்டும் வளருத பாசியும் கண்ணுக்குத் தெரியாத உயிரும்லே அது. அந்தக் கலரைப் பாத்துதான் உப்பு விளையப் போகுதுன்னே நாங்க கண்டுபிடிப்போம்."

அவன் சொன்ன பதில்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, பிரேம்ல விழுறீங்க."

பொண்ணு மாப்பிள்ளை சிரிச்சு போஸ் குடுத்தாங்க. அவங்களுக்குப் பின்னால அக்கா வரப்பை வெட்டி, பாத்தித் தண்ணி மொத்தத்தையும் வெளிய விட்டுட்டு இருந்தாங்க.



அந்தக் கல்யாணத்துக்குப் போறவங்க யாராவது இங்க இருந்தா, சாம்பார்ல என்ன கலர் உப்பு போட்டாங்கன்னு பாத்துச் சொல்லுங்க மக்கா.