துவக்கைக் காட்டி நட்ட வேலி

அடுத்த வீட்டுக்காரர் அன்று கொடியை ஏன் மத்தியானத்துக்குப் பிறகு ஏற்றினார் என்று உங்களுக்கு ஏன் தெரியவேண்டும்? உங்கள் வீட்டில் உலை வைத்தாயிற்றா? போய் அடுப்பைப் பாருங்கள். போகமாட்டீர்கள். சரி, இருந்து கேளுங்கள்.

ஹேர்னிங் என்ற டேனிஷ் ஊரில் அவர் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு பச்சை வேலி. இந்த நாட்டில் பிறந்தநாளென்றால் முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏறும். அவர் ஆகஸ்ட் கடைசியில், இறந்துபோன நண்பனுடைய பிறந்தநாளுக்கும் கொடி ஏற்றுவார். இருவரும் படையில் சேர்ந்து ஆப்கானிஸ்தான் போனவர்கள். நண்பன் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அன்று அவனுடைய தாய் கேக்கோடு வருவார்.

அந்த வருடம் ஆகஸ்டில்தான், வெளிநாட்டுப் படைகள் தாங்கிப் பிடித்திருந்த ஆப்கானிஸ்தான் அரசு விழுந்தது. பிறந்தநாளன்று பத்து மணியாகியும் கம்பம் மொட்டையாக நின்றது. வேலி என் பக்கம் ஒரு முழம் வளர்ந்திருந்ததைச் சாட்டாக வைத்து, என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்கப் போனேன்.

என் டேனிஷ், தையல் ஆலையில் பொறுக்கியது. ஆகையால் நாங்கள் கதைத்ததை என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். என் பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு, அம்மம்மா என்பதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கும் மனிதர் அவர். ஐம்பதை நெருங்குகிறார். நான் திருத்தவில்லை.

"தம்பி, உன்ர வேலி என்ர வளவுக்கை வந்திட்டுது. அதுக்கு விசா இருக்கோ?"

அவர் சிரிக்கவில்லை. "அம்மம்மா, பின்னேரம் அவ வருவா. என்ர மகன் எதுக்குச் செத்தவன் எண்டு கேட்டா என்ன சொல்லுறது? அவன் காவல் நிண்ட அரசாங்கக் கந்தோர் ஒரு வெடிச் சத்தமும் இல்லாமல் கைமாறிப் போச்சு. எனக்குக் கதவைத் திறக்கவே மனமில்லை."

பதில் தெரியாதபோது நான் எதையாவது கேட்பேன். வாயில் வேலிதான் வந்தது.

"அங்கை வேலிச் சண்டை வந்தா சனம் ஆரிட்டைப் போறது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாங்கள் ஒரு அதிகாரியை வைச்சனாங்கள். கந்தோர் கட்டி, மேசை கதிரை போட்டு, கரண்ட் மிசினும் குடுத்தனாங்கள். கோதுமை விதை குடுக்கிற அண்டைக்குத்தான் வரிசை நிக்கும். காணிப் பிணக்கெண்டா ஆத்துக்கு அங்கால, எங்களைச் சுடுறவையிட்டைப் போவினம்."

"ஊரிலை நாங்களும் இப்பிடித்தான் மாவுக்கு வரிசையிலை நிண்டனாங்கள். நல்ல மா. றொட்டி மெத்தெண்டு வரும்" என்றேன்.

முன்பு எங்கள் ஊரிலும் ஒரு அயல்நாட்டுப் படை வந்து ஒரு ஆட்சியை வைத்தது. கூட்டுறவுக் கடைக் கட்டடத்தில் ஒரு இளம் வாத்தியாரைப் பொறுப்பாக இருத்தினார்கள். நல்ல பிள்ளை. எங்கள் ஆள்தான், ஆனால் அவரை அங்கே இருத்தியது நாங்கள் இல்லை. என் அயலவள் வேலித் தடிகளைப் பிடுங்கி என் பக்கம் தள்ளி நட்டபோது, அவரிடம்தான் முதலில் போனேன். "அக்கா, ரெண்டு ஆமிக்காரரைத் துவக்கோடை அனுப்பட்டோ?" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் ஓட்டமாய் வீட்டுக்கு வந்துவிட்டேன். துவக்கைக் காட்டி நட்ட வேலி, துவக்குப் போன அன்றே பிடுங்கப்படும். அதற்குப் பிறகும் அவளிடம் நெருப்புப்பெட்டி கேட்டுப் போகவேண்டியவள் நான்தானே?

கடைசியில் ஓய்வுபெற்ற தபால் அதிபரைக் கூப்பிட்டோம். அவரிடம் குடைதான் இருந்தது. இரண்டு வீடும் ஒப்புக்கொண்ட மனிதர். பார்த்துவிட்டு, அயலவள் நட்டதே சரி என்றார். வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். நான் வாயை மூடியது ஊருக்கே புதினம். அந்தப் படை கப்பலேறிய கிழமையே வாத்தியாரையும் காணவில்லை. எங்கே போனாரோ பாவம். கதிரை மட்டும் கிடந்தது.

இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப நாங்கள் இன்னும் கனகாலம் நிண்டிருந்தாலும்?"

"கதிரை இன்னும் கனகாலம் நிண்டிருக்கும், தம்பி."

"இதையோ நான் அவவுக்குச் சொல்லுறது?"

"அவ என்ன, அந்த அதிகாரியைப் பெத்தவவோ? முதலிலை அவவின்ர மகனைப் பற்றிச் சொல்லு. மற்றதைக் கேட்டா உண்மையைச் சொல்லு. பொய் சொல்ல உனக்கு வராது, முகம் சிவந்துபோகும்."

பின்னேரம் தாய் வந்தார். வாசலிலேயே நின்று, வெறுங்கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். கதவு திறந்தது. இருவரும் முற்றத்தில் வெகுநேரம் இருந்தார்கள். வேலி அடர்த்தியாய் வளர்ந்திருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதற்கும் வேலிக்காரரைத்தான் திட்டவேண்டும். தாய் அழுதது கேட்டது. பிறகு, சமையல் கூடாரத்தை மகன் ஒருமுறை தவறுதலாய் எரிக்கப் பார்த்த கதைக்கு அந்தத் தாய் சிரித்ததும் கேட்டது. அதன் பின்தான் இருவரும் எழுந்து கயிற்றைப் பிடித்தார்கள். கொடி மெல்ல மெல்ல ஏறியது.

மறுநாள் தெருவில் இரண்டு பேர் என்னை மறித்து, கொடி ஏன் பிந்தியது என்று கேட்டார்கள்.

"கயிறு வேலிக்கை சிக்கிப் போச்சு" என்றேன். "நான் எத்தினை தரம் சொன்னனான், வேலியை வெட்டு வெட்டெண்டு. கேட்டவரோ?"