ஹோவா தைத்த போர்வை

போன மாதம் வியட்நாமில், சைகோனில் இருந்தேன். மகனுக்கு அங்கே வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று, பென் தான் சந்தைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த போர்வைக் கண்காட்சிக்கு அழைத்துப்போனான். துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வைகள் சுவரெங்கும் தொங்கின. எல்லோரும் தள்ளி நின்று ரசிக்க, நான் மட்டும் ஒரு போர்வையின் ஓரத்தைப் புரட்டித் துணியை விரல்களில் தேய்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்தாள். தொடக்கூடாதாம். யாரிடம் சொல்கிறாள்! பன்னிரண்டு வருடம் துணி கிழித்த கை இது.

துணியில் இருந்த கஞ்சி வாசனை என்னை மச்சான் கடைக்கு இழுத்துப்போய்விட்டது. மச்சான் என்றால் என் அக்கா புருஷன். காரைக்காலிலிருந்து வந்து பென் தான் சந்தைக்கருகே துணிக்கடை வைத்து, என்னையும் வேலைக்கு அழைத்துக்கொண்டவர். அமெரிக்கப் படையும் இறங்கிச் சண்டை உச்சத்தில் இருந்த காலம். முக்கில் மணல் மூட்டைகள், தெருவில் ராணுவ லாரிகள். ஆனாலும் பெண்கள் துணி வாங்க வந்துகொண்டுதான் இருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், எச்சில் தொட்டுச் சாயம் போகிறதா என்று சோதிப்பார்கள், கடைசியில் ஒரு முழம் கேட்பார்கள்.

லான் மட்டும் பேரமே பேசமாட்டாள். கான் ஹொய் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி. வாராவாரம் பத்து மீட்டர் கறுப்புத் துணி வாங்குவாள். மாதா கோயில் விற்பனைக்குப் போர்வை தைக்கிறாளாம், அதற்குப் பின்பக்க லைனிங்காம். என் வியட்நாமியப் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்டவர்களின் உடுப்பும் கறுப்புதான். எனக்குத் தெரியாதா? தெரியும். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் வெள்ளைச் சீருடை போலீஸ்காரர் ஒருவர் வந்து, இவ்வளவு கறுப்புத் துணி யாருக்குப் போகிறது என்று கேட்டார். மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா. கடைய இழுத்து மூடி நம்மளக் கப்பல்ல ஏத்திடுவானுவ” என்றார் தமிழில்.

சும்மா இருந்தேனா? “யாரோ ஒரு பொம்பளைங்க, பேரு தெரியாது. கோயில் விற்பனைக்குப் போர்வை தைக்குது” என்று வியட்நாமியத்தில் உளறிவிட்டேன்.

“அப்ப வா. அந்தப் போர்வையக் காட்டு” என்றார்.

கான் ஹொய் கோயில் கூடத்தில் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். போலீஸ்காரர் பின்னால் வர, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்கள் துணி எதிலும் இல்லை. கூடத்தின் கோடியில் லான் நின்றாள். அவள் தைத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த போர்வைக்கு வெள்ளை லைனிங். என்னையும் போலீஸ்காரரையும் பார்த்தவள் அசையவில்லை.  எங்கள் துணி எதிலும் இல்லை என்று நான் சொன்னால் அவள் தொலைந்தாள்.

கடைசிக்கு முந்தின போர்வைக்குக் கறுப்பு லைனிங் இருந்தது. தொட்டதுமே தெரிந்தது, மட்டமான சரக்கு, சோலோன் சீனக் கடைத்தெருவில் வாங்கியது. “இதுதான். எங்க கடைத் துணி” என்றேன்.

போலீஸ்காரர் போர்வையை முன்பக்கம் திருப்பினார். தைத்தவரின் பெயரெழுதிய சீட்டு குத்தியிருந்தது. துணிக்காரனுக்குத் துணி மட்டும்தானே கண்ணில் படும்! நான் அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை. அவர் நிதானமாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் லான் வந்தாள். துணி கேட்கவில்லை.

“நீ காட்டினது ஹோவாவோட போர்வை. மூணு புள்ளைக்காரி. நேத்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.”

ஹோவாவைக் காப்பாற்ற வேண்டுமானால் லானைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நான் கறுப்புத் துணிக் கட்டை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் திரும்பிப் போனாள். அப்புறம் அவள் கடைக்கு வரவில்லை. ஆட்சி மாறி நாங்கள் ஊர் திரும்பும் வரை, ஹோவா வீட்டுக்கு வந்தாளா என்று விசாரிக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. வெட்கக்கேடு.

கண்காட்சியிலிருந்து என்னைக் கான் ஹொய்க்கு அழைத்துப்போகச் சொன்னேன் மகனிடம். கால்வாயோரக் குடிசைகள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மாடிக் கட்டடங்கள். கோயில் கூடத்தையும் இடித்துவிட்டார்கள். டீக்கடையில் இருந்த கிழவர் ஒருவரிடம், போர்வை தைக்கும் ஹோவா, மூன்று பிள்ளைகள் என்று சொல்லிக் கேட்டேன். ஹோவா என்ற பெயரில் இந்த ஊரில் எத்தனையோ பேர் என்றார்.

“யாரு வாப்பா அவங்க?” என்றான் மகன்.

“நம்ம கடை வாடிக்கை” என்றேன்.

ஹோவா எங்கள் கடை வாசலை மிதித்ததே இல்லை.