மாடியிலிருந்து கம்பத்துக்கு வந்த மின்சாரம்

பாரிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மாடியில் சோலாரும் பேட்டரியும் அமைத்தவர், தினமும் என்னுடன் காலைநடை வந்த நண்பர். வெளிமின்சாரம் நின்றால் எங்கள் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகாது, சோதித்துவிட்டேன் என்றார். சங்கச் செயலாளரான நான் பார்க்காமலே சோதனைச் சான்றில் கையெழுத்திட்டு, என் நாட்குறிப்பிலும் ‘சோதனை முடிந்தது’ என்று எழுதினேன்.

சென்ற மாதம் தெருவின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எங்கள் கம்பத்தில் ஏறிய லைன்மேன், டெஸ்டர் விளக்கு எரிந்ததும் கத்தினார்: “சார், உங்க மாடிலேர்ந்து கரண்ட் வருது! என்னைக் கொளுத்தப் பாத்தீங்களா?”

ஓடிப்போய்ப் பார்த்தால், வெளிமின்சாரம் நின்றதும் எங்கள் இணைப்பைத் துண்டிக்கும் கருவியே இல்லை. நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தெரியும் சார். அதான் ஒண்ணும் ஆவலியே!” என்று நண்பர் சிரித்தார். அவருடன் நடப்பதை அன்றே நிறுத்தினேன்.

இப்போது கருவி பொருத்தியாயிற்று. ஆனாலும் பழுதுபார்க்க யார் வந்தாலும், மாடியின் மெயின் சுவிட்சை நானே அணைத்துப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்த பிறகே கம்பத்தில் ஏறவிடுகிறேன்.