வண்டிக்கார மாமா வழிவிட்ட நாள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வாசல் இருந்தது, வழிதான் இல்லை. பின்னால் ஆறு. முன்னால் வண்டிக்கார மாமாவின் நிலம். மாமா என்றால் உறவில்லை. மாட்டுவண்டிகள் வைத்துச் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தவரை அப்படிக் கூப்பிட்டோம். அவருடைய மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில்தான் அப்பா ரயில் பட்டறை வேலைக்குப் போவார், அம்மா தண்ணீர் எடுத்து வருவாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

எனக்கு ஏழெட்டு வயதாகும்போது மாமா அந்தப் பாதையை மறித்து முள்கம்பி வேலி போட்டுவிட்டார். நடுவில் ஒரு படல், அதற்கொரு பூட்டு.

"கேட்டா தெறந்து விடறேன், யாரு வேணாங்கறா?" என்றார்.

அந்தக் 'கேட்டா'தான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "காலங்காலமா நடந்த வழி. எதுக்குக் கேக்கணும்?" என்று நில அலுவலகத்தில் போய் முறையிட்டார். அங்கே அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். அதுவரை நாங்கள் யாரும் மாமாவிடம் வாய் திறக்கக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆற்றங்கரைச் சேற்றில் சுற்றிப் போய் வந்தோம். அம்மாவுக்கு நிறைமாதம். குடத்தோடு அவள் அந்தச் சரிவில் கால் வைக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். வானம் கறுத்தாலே அழுகை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி இருந்ததோ சாலைக்கு அந்தப் பக்கம். அப்பா ஆற்றுப்பக்கம் ஓடினார். போன வேகத்திலேயே இடுப்பு வரை நனைந்து திரும்பினார். "தண்ணி ஆள இழுக்குது" என்றார்.

"போயி அவரக் கேளுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா படியிறங்கினார், திரும்ப ஏறினார். அம்மா மறுபடி கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்தாள். அவள் சத்தம் போடாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்பா சட்டென்று இறங்கி வேலியை நோக்கி நடந்தார். கையை உருவிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே! வீட்ல வலி எடுத்துருச்சு. வழி விடுங்கண்ணே."

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மாமா வந்தார். உடனே திறக்கவில்லை. கொட்டகையில் ஒதுங்கியிருந்த வண்டியோட்டிகளைக் கூப்பிட்டார். "எலே, கேட்டீங்கல்ல? வழி விடச் சொல்லிக் கேக்கறாரு." பிறகு அப்பாவைப் பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லு தம்பி."

அப்பா சொன்னார். இந்த முறை உரக்கச் சொன்னார்.

பூட்டைத் திறந்தபின் மாமா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. மழையில் தானே வண்டியைப் பூட்டிக்கொண்டு போய், மருத்துவச்சியை ஏற்றி வந்து எங்கள் வாசலில் இறக்கினார். பொழுது சாய்வதற்குள் தம்பி பிறந்துவிட்டான்.

சில நாள் கழித்துத் துரை வந்தார். அன்று அப்பா வழி கேட்டதைத் தங்கள் காதால் கேட்டதாக வண்டியோட்டிகள் சொன்னார்கள். கூட வந்த கிராணி, துரையின் எழுத்தர், அதை இங்கிலீஷில் துரையிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் திரும்பினார். "வழி விடச் சொல்லி இவரக் கேட்டியா?"

அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டே, "கேட்டேன்" என்றார்.

கேட்டு நடந்ததாலேயே எங்களுக்கு உரிமை இல்லை, பாதை மாமாவுடையது, அவர் விட்டால் நாங்கள் நடக்கலாம் என்று முடிவாயிற்று. அதில் எனக்கொரு குறையும் தெரியவில்லை. "மாமா, படல்!" என்று கத்தினால் திறந்துவிட்டார், சேறு மிதிக்கும் வேலை தீர்ந்தது. தம்பியைக் காப்பாற்றியது வண்டிக்கார மாமாதான் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதில் பொய்யில்லை. ஆனால் நான் அந்தக் கதையை ஆரம்பித்தாலே அப்பா ஏன் எழுந்து வெளியே போனார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.