யாருக்குமில்லாத போர்வை

நான்கு சதுரத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் நடுவில் நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் வந்து சந்திக்க வேண்டும். வீடியோவில் பார்க்கும்போது அது சின்ன விஷயம். அந்த வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே தைக்கிறாள், விரிக்கிறாள், மூலைகள் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றன. நான் தைத்து விரித்தால் ஒரு மூலை மேலே ஏறி நிற்கும், இன்னொன்று கோபித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். ஏன் இப்படி வருகிறது என்று தெரியும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. பிரித்துத் தைப்பேன், மறுபடி பிரிப்பேன். வாழ்க்கையில் எத்தனையோ காரியங்களைச் சரி, போகட்டும் என்று விட்டவள் நான். இந்த மூலையை மட்டும் விட மனம் வரவில்லை.

கடைசியில் காரணம் பிடிபட்டது. பிளவுஸ் தைத்துப் பழகிய கை என்னுடையது. உடம்பு வைத்தால் பிரித்து விடலாம் என்று ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டே தைக்கும். துண்டுப் போர்வைக்கு அந்தத் தாராளம் ஆகாது. எல்லா ஓரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மெசினில் ஊசிக்குப் பக்கத்தில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்ரரில் ஒரு துண்டை வெட்டி ஒட்டி, துணியின் விளிம்பை அதோடு உரசிக்கொண்டு போகவிட்டேன். அன்று முதன்முதலாக நான்கு மூலைகளும் சேர்ந்தன. குசினியில் நின்ற என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா உந்த வெக்கைக்கை உதைப் போத்தினா ரெண்டு பேரும் அவிஞ்சு போவம்" என்றார்.

அவர் சொன்னது சரி. மானிப்பாயில் மார்கழிப் பனிக்குக்கூட ஒரு பழஞ்சீலை போதும். போர்வை எங்களுக்கல்ல என்பது அவருக்கும் தெரியும். ஆனால் யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த மதிலில் ஒரு சின்ன வாசல். அங்கே இருப்பது என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள்; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கனடாவில். அந்த மகளுக்கு இரண்டு தரம் வயிற்றில் பிள்ளை தங்கி, இரண்டு தரமும் இல்லாமல் போனது. இரண்டாவது தரம், இனிப் பயமில்லை என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு போனது. அதற்குள் மச்சாள் சந்தோஷம் தாங்காமல் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சட்டைகள் வாங்கி அனுப்பியிருந்தாள். பெட்டி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை.

பிறக்க முன்னம் பிள்ளைக்கு ஒன்றும் வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு அலுமாரியின் அடித்தட்டில் மெல்ல ஒன்றிரண்டை வாங்கியும் வைப்பார்கள். மூன்றாவது தரம் மகள் வயிற்றோடு இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு மச்சாளுக்கு அது சட்டமாகிவிட்டது. பிள்ளை என்ற சொல்லையே அவள் விட்டுவிட்டாள். மகளோடு போனில் கதைக்கும்போதும், சாப்பிட்டியோ, பனி கொட்டுதோ, கால் வழுக்காமல் நடக்கிறியோ என்றுதான் கேட்பாள். முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நிற்கும் எனக்கு மதிலுக்கு மேலால் அது கேட்கும். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு எரியும். வரப்போகிற ஒரு சீவனுக்காக இரண்டு வீட்டிலும் ஒருவரும் ஒன்றுமே செய்யாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அப்படித்தான் பழைய பருத்திச் சீலைகளை வெட்டத் தொடங்கினேன்.

மச்சாள் பின்னேரத்தில் தேத்தண்ணிக்கு அந்த வாசலால் வருவாள். முதல் நாளே அவளுடைய கண் மெசின் மேசைக்குப் போய்விட்டது.

"உது ஆருக்கு மச்சாள்?"

"எங்கடை கட்டிலுக்கு."

"கட்டிலுக்கு உது காணாதே."

"இன்னும் முடியேல்லை" என்றேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த நாள் ஒரு வரிசை கூட்டினேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை நெட்டை ஆளல்லோ, கால் வெளியிலை நிக்கும்" என்றாள். இன்னொரு வரிசை கூட்டினேன். தொட்டிலுக்கென்று தொடங்கியது கட்டிலை நோக்கி நடக்கத் தொடங்கிற்று. வீட்டிலிருந்த சீலைகள் முடிந்ததும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய், தெரிந்த தையல்கடை முதலாளியிடம் வெட்டுத்துண்டுகள் கேட்டு ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம் சனங்களோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்ட மனிதர் அவர். இந்தத் துண்டுகளை வைத்து என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதற்கும் கட்டிலுக்கு என்றுதான் சொன்னேன். பொய் சொல்லத் தொடங்கினால் எல்லோருக்கும் ஒரே பொய்யைச் சொல்வது நல்லது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு துணிக்கும் ஒவ்வொரு குணம். கைத்தறிச் சீலை வெட்டின இடத்தில் நிற்கும். நைலெக்ஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். நல்ல பருத்தி என்று நம்பினது ஒரு தண்ணீரில் சுருங்கி ஏமாற்றும். ஒரு பச்சைத் துண்டைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு மாதிரி, சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு மாதிரி. கட்டிலில் பரப்பி வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பேன். சோறு அடிப்பிடித்த நாட்களும் உண்டு.

பின்பக்கத்துக்கு வெள்ளைத் துணி வேண்டியிருந்தது. அதை மட்டும் கடையில் புதிதாக வாங்கினேன். வாங்கி வந்து, குசினிக்குள் போய், விரலில் மஞ்சள் தொட்டு, துணியின் மூலையில் பூசிவிட்டு மெசின் மேசையில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. புதுத்துணி உடுக்க முன்னம் மூலையில் மஞ்சள் பூசுவது எங்கள் வீடுகளில் கை தானாகச் செய்கிற வேலை.

அன்று பின்னேரம் மச்சாள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். மூலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"கட்டிலுக்குப் போடுறதுக்கு ஆர் மச்சாள் மஞ்சள் பூசுறது?" என்று கேட்டாள்.

உடுப்புக்குத்தான் மஞ்சள் பூசுவோம். பெட்சீற்றுக்கும் யன்னல் சீலைக்கும் ஒருவரும் பூசுவதில்லை. அது யாருக்கு என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் துணியை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போனாள். மதில் வாசல் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் துணியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். சவர்க்காரம் போட்டு மூலையைத் தேய்த்தேன். மஞ்சள் அப்படியே இரத்தச் சிவப்பாக மாறிற்று. இன்னும் தேய்த்தேன், இன்னும் சிவந்தது. எனக்கு இந்த நம்பிக்கைகளில் பெரிய பிடிப்பு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கிணற்றடியோடு போயிற்று. ஏதாவது நடந்துவிட்டால் இந்தக் கைதான் காரணம் என்று மச்சாள் நினைப்பாள். அவள் நினைக்காவிட்டாலும் நான் நினைப்பேன்.

ஆனால் பயத்துக்குள்ளும் என் ஆராய்ச்சிப் புத்தி போகவில்லை. ஒரு பாதித் தேசிக்காயைக் கொண்டுவந்து பிழிந்தேன். சிவப்பு திரும்பவும் மஞ்சளானது. அலசி வெயிலில் போட்டேன். மறுநாள் அந்த மஞ்சளும் வெளிறிவிட்டது. சவர்க்காரத்துக்குச் சிவக்கிறது, புளிக்கு மாறுகிறது, வெயிலுக்குப் போய்விடுகிறது. பிறந்த நாள் முதல் மஞ்சளோடு சீவிக்கிறேன், இது எனக்குத் தெரியாது. இன்னொரு வெட்டுத்துண்டில் பூசி மறுபடியும் செய்து பார்த்தேன். பார்த்து முடிந்ததும் பயம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

மச்சாள் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் முற்றம் கூட்டுகிற தும்புத்தடிச் சத்தம் கேட்கும், வாளிச் சத்தம் கேட்கும், ஆள் வராது. நான் மெசினுக்கு மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டேன். "நீர் போய்க் கதையுமன்" என்று கணவர் சொன்னார். என்ன சொல்லிக் கதைப்பது? மன்னிப்புக் கேட்பதென்றாலும் பிள்ளை என்ற சொல்லைச் சொல்லவேண்டுமே.

ஒரு பின்னேரம் அவளே வந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதைக் கதிரையில் கவிழ்த்தாள். எல்லாம் மகளின் சின்ன வயதுச் சட்டைகள். ஒன்று மஞ்சள் பூப் போட்டது, ஒன்று கொலர் வைத்தது, ஒன்று கோயில் திருவிழாவுக்குத் தைத்த நீலம்.

"உங்கடை கட்டிலுக்குத்தானே தைக்கிறியள்?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"அப்ப உதுகளையும் போடுங்கோ. அலுமாரியிலை சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்குதுகள்."

சட்டைகளை வெட்டமுன் தையல்களைப் பிரிக்க வேண்டும். அவள் மெசின் மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு பிளேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "பிரிக்கிறது தைக்கிறதிலை சேராது" என்றாள்.

அந்த ஞாயத்தை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அது எங்கள் தொழில் பங்கீடாயிற்று. அவள் பிரிப்பாள், நான் தைப்பேன். ஊசியைத் தொடமாட்டாள். ஊசி கீழே விழுந்தால்கூட என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாள். பிரித்த நூலை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி ஒரு சின்ன உருண்டையாக்கி ஒரு பக்கம் வைப்பாள். சில வேளை ஒரு சட்டையை மூக்கோடு வைத்து மணந்து பார்ப்பாள். நான் கண்டும் காணாத மாதிரி மெசினை மிதிப்பேன். சட்டைத் துண்டுகளை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சீலைகளைக் கொண்டுவந்தேன். ஏன் நடுவில் என்று அவள் கேட்கவில்லை. போர்வை எங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் தொங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. பின்பக்கத்து வெள்ளைத் துணியையும் வைத்துத் தைத்தாயிற்று, கரை மட்டும் கட்ட வேண்டியிருந்தது. அதை வேண்டுமென்றே இழுத்தடித்தேன்.

ஒரு காலை மச்சாள் தலைகூடக் கட்டாமல் மதில் வாசலால் வந்தாள். கையில் போன். அதில் ஒரு படம், துவாயில் சுற்றி, கண் மூடி, சிவந்த முகம்.

"பொம்பிளைப் பிள்ளை" என்றாள். "அழுத சத்தம் போனிலை கேட்டது மச்சாள். நல்லா அழுதவள்."

அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு போர்வையைக் கட்டிலில் விரித்தேன். இனிப் பொய் தேவையில்லை. இவ்வளவு பெரிதை ஒரு பச்சைப்பிள்ளைக்கு எப்படிப் போர்த்துவது? நடுவில் இருந்த சட்டைத் துண்டுகளை மட்டும் எடுத்துக் கரை கட்டினால் தொட்டிலுக்கு அளவாக இருக்கும். அந்த இடத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

மச்சாள் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"வெட்டாதேங்கோ. அப்பிடியே அனுப்புவம்" என்றாள். "பிள்ளை வளரும்தானே. பெரிசாகிக் கட்டிலிலை படுக்கேக்கை போத்தட்டும்."

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள் கட்டிலின் மற்றப் பக்கம் போய் இருந்து, ஊசியில் நூலைக் கோத்து, அந்தப் பக்கத்துக் கரையைத் தைக்கத் தொடங்கினாள்.